தாய்லாந்து சமையலுக்குக் குட்டி மிளகாய்: சுவானா, ஜிந்தாவா?

தாய்லாந்து சமையலுக்கு மிளகாய் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மணத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. அந்த ஊர்க் குட்டி மிளகாய்களின் காரம் பொதுவாக 50,000 முதல் 1,00,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) வரை என்பார்கள். எதைப் போட்டாலும் நாக்கு எரியத்தான் போகிறது. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மணத்தை வைத்துத்தான்.

பிரிக் கீ நூ சுவான் என்ற மிளகாய் வகை விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒன்றை நறுக்கினாலே பச்சை வாசனை குப்பென்று ஏறும். ‘நாம் பிளா பிரிக்’ என்ற மிளகாய் சாஸ் செய்ய இதுதான் வேண்டும். மீன் சாஸில் மெல்லிய வட்டங்களாக நறுக்கிய மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். அடுப்பே கிடையாது என்பதால் மிளகாயின் மணம் அப்படியே நிற்கும். தோம் யம் சூப்புக்கும் இதையே லேசாக நசுக்கி, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். கொதிக்கவிட்டால் காரம் தங்கும், வாசனை போய்விடும்.

பிரிக் ஜிந்தா இதைவிட நீளம், சதைப்பற்றும் அதிகம், விலையும் குறைவு. மணத்தில் சுவானுக்கு ஈடில்லை. ஆனால் சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டுக்கு நான் ஜிந்தாவைத்தான் எடுப்பேன். உரலில் பூண்டோடு இடிக்கும்போது சிவந்த தோல் கிழிந்து பப்பாளித் துருவலில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை, பனை வெல்லம், மீன் சாஸ் எல்லாம் சேர்ந்த பிறகு சுவானின் நுட்பமான வாசனை எப்படியும் அமுங்கிவிடும். காசு கொடுத்து அதை வீணாக்குவானேன்?

சிவப்புக் கறி விழுதுக்கு இரண்டுமே சரிவராது. அந்த நிறம் வரும்வரை குட்டி மிளகாயைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதற்குக் காரம் குறைந்த பெரிய காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைப்பார்கள்.

சுவான் கிடைக்காத ஊரில் கன்னியாகுமரி, கேரளப் பக்கத்துக் காந்தாரி மிளகாயைத் தேடுங்கள். அளவிலும் சுள்ளென்ற காரத்திலும் சுவானுக்கு நெருங்கிய உறவு. சந்தைப் பச்சை மிளகாயைவிட இது எவ்வளவோ மேல்.

மிஞ்சிய சுவானை உறையவைக்கலாம். உருகியதும் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாம் பிளா பிரிக்குக்குப் புதிய காய்தான் வேண்டும்.