வீடியோ ரீமிக்ஸ்: டென்னிஸா, கொலாபா?

யூடியூப் பூப் என்று சொல்லப்படும் கிறுக்குத்தனமான வெட்டி ஒட்டும் வீடியோக்களைக் கூட்டாகச் செய்ய இரண்டு வழிகள் பிரபலம். கொலாப் சுலபம்: ஆளுக்கு ஒரு துண்டு செய்து அனுப்புவார்கள், ஒருவர் உட்கார்ந்து கோத்து வெளியிடுவார். டென்னிஸ் அப்படி இல்லை. நான் வெட்டிய வீடியோவையே நீங்கள் மூலமாக எடுத்து மறுபடி குதறி எனக்கு அனுப்ப, அதை நான் திரும்பக் குதற, ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு முதல் வீடியோவில் இருந்த ஒரு சாதாரண தும்மல் பாட்டாகவே மாறியிருக்கும். 2000களின் தொடக்கத்தில் படங்களை வைத்து ஆடிய போட்டோஷாப் டென்னிஸும் இதே ஆட்டம்தான்.

கொலாபில் பக்கத்துத் துண்டில் என்ன வருகிறது என்றே பலருக்குத் தெரியாது, அதனால் ஒரே நகைச்சுவை மூன்று தடவை வரும். ஆனால் ஒருவர் சொதப்பினாலும் மொத்தமும் கவிழாது. டென்னிஸில் எதிராளி காணாமல் போனால் ஆட்டமே க்ளோஸ் (இது அடிக்கடி நடக்கும்!).

இன்னொன்று, ஒவ்வொரு சுற்றிலும் தளத்திலிருந்து இறக்கி வெட்டினால் மறுபடி மறுபடி சுருக்கப்பட்டு படம் சேறாகிவிடும், ஒலியும் கரகரக்கும். சிலருக்கு அந்தச் சேறுதான் அழகு. சரி, வேண்டாம் என்றால் மூலக் கோப்பையே நேரடியாக அனுப்பிக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு டென்னிஸுக்கு, அதுவும் என்னைவிட நன்றாக வெட்டத் தெரிந்தவரோடு.