வேலூர் வெயிலில் டேஃபடில்: மூன்றாண்டு அனுபவம்

குளிர்நாட்டுப் பூச்செடியான டேஃபடிலின் கிழங்கு விலை பாதியாகக் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று சத்துவாச்சாரியில் இருக்கும் தோழி கேட்டார். காட்பாடி வீட்டு மாடியில் மூன்று ஆண்டுகளாக அதனுடன் மல்லுக்கட்டுகிறவள் என்பதால், அவரிடம் எரிச்சலோடு சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

என் மனக்குறை முழுவதும் இலையைப் பற்றியது. முதலாண்டு, மழை ஓய்ந்த கையோடு 'கிங் ஆல்ஃபிரட்' வகையில் 12 கிழங்குகளை நட்டேன். அத்தனையும் முளைத்து வெங்காயத்தாளைப் போலச் செழித்தன, ஒன்றுகூடப் பூக்கவில்லை. கிழங்கின் மீது பழி சொல்ல முடியாது. ஏறத்தாழ 4 முதல் 9 டிகிரி குளிரில் 12 வாரங்களுக்கு மேல் கிடந்தால்தான் அதன் பூந்தண்டு ஒழுங்காக நீளும். மார்கழி விடியலில் நாம் போர்வையை இழுத்துக்கொண்டாலும் வேலூர்க் குளிர் அதற்குக் குளிராகாது. எல்லா ஊருக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டு விற்றவர் இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்.

இரண்டாம் ஆண்டு புதுக் கிழங்குகளை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன், ஆப்பிள்களுக்குப் பக்கத்திலேயே. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். மறுபடியும் இலைதான். போதாக்குறைக்கு, மாமியார் ஒருநாள் வெங்காயம் என்று எண்ணி ஒரு கிழங்கை அரிவாள்மனை வரை கொண்டுபோய்விட்டார். அதில் வாந்தியை உண்டாக்கும் லைக்கோரின் என்ற நச்சு இருப்பதால், அன்று முதல் உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு பழங்களை வெளியேற்றி, செப்டம்பர் கடைசியில் காகித உறையில் வைத்த கிழங்குகளை ஜனவரி முதல் வாரத்தில் எடுத்து, காலை வெயில் மட்டும் படும் தொட்டிகளில் நட்டேன். பிப்ரவரியில் ஐந்து பூத்தன. ஒவ்வொன்றும் நான்கு நாள்தான் நின்றது என்றாலும், கைப்பிடிச் சுவரோரம் தலையைச் சற்றே சாய்த்து நின்ற அந்த மஞ்சளைப் பார்க்க, பூவே வாங்காத எதிர்வீட்டுக்காரர்கூட மாடியேறி வந்தார்.

பூத்த பின் ஆறு வாரமாவது இலை பசுமையாக இருந்தால்தான் கிழங்கு அடுத்த ஆண்டுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும். மார்ச் மாத வெயில் இரண்டே வாரத்தில் இலையைப் பொசுக்கிவிட்டது. பூ வேண்டியபோது விடாமல் வளர்ந்த இலை, வேண்டியபோது நிற்கவில்லை! ஆகவே ஆண்டுதோறும் புதுக் கிழங்குதான் வாங்க வேண்டும். இதே மாடியில், ஒருமுறை நட்ட நிலச்சம்பங்கி மூன்றாண்டாக எந்தச் சலுகையும் கேட்காமல் பூத்து மணக்கிறது. டேஃபடில் இனத்திலேயே ஒன்று வேண்டுமென்றால், குளிரூட்டல் தேவைப்படாத வெள்ளை 'பேப்பர்வைட்' வகையை முயலலாம்.

எனவே 'கிங் ஆல்ஃபிரட்' வேண்டாம் என்று தோழியிடம் உறுதியாகச் சொன்னேன். அதே தள்ளுபடியில் எனக்கு 12 கிழங்குகளுக்குப் பணம் கட்டியாயிற்று. ஆப்பிள்கள் இந்த வாரம் முதல் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன.