ஆளுக்கொரு மொழியா, வீட்டுக்குள்ள தமிழ் மட்டுமா? நகரிப் பக்கத்துல எது தாங்கும்

ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லை ஓரமா இருக்கற நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து கல்யாணம் ஆன வீடுங்கள்ல குழந்தை பேச ஆரம்பிக்கறப்ப இந்தப் பஞ்சாயத்து கண்டிப்பா வரும். எங்க வீட்லயும் வந்துச்சு. நான் தமிழ், அவரு தெலுங்கு, ஆனா பவர்லூம்ல தமிழ் ஆளுங்களோடவே சின்ன வயசுலேர்ந்து வேலை செஞ்சதால தமிழ் தண்ணியா வரும். வழி ரெண்டு. ஒண்ணு, அம்மா தமிழ்ல மட்டும், அப்பா தெலுங்குல மட்டும் பேசறது. இன்னொண்ணு, வாசப்படிக்கு உள்ள எல்லாருக்கும் தமிழ், வெளிய தெலுங்கு. நாங்க ரெண்டாவதுக்குப் போனோம், பொண்ணுக்கு இப்ப ஆறு வயசு, அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

ரெண்டு மொழி பேசினா குழந்தை குழம்பிடும்ங்கற கதைக்குள்ள போகல. 1962லயே மாண்ட்ரியல்ல பீல், லாம்பர்ட்னு ரெண்டு பேரு பத்து வயசுப் பசங்கள டெஸ்ட் பண்ணி, ரெண்டு மொழி பசங்க பின்தங்கல, பல டெஸ்ட்ல மேலயே வந்தாங்கனு எழுதிட்டாங்க. அதுக்காக மூளை ஷார்ப் ஆகும்னு நம்பியும் எறங்காதீங்க, அந்தச் சண்டை இன்னும் முடியல. ஒரு மொழிய மட்டும் எண்ணினா வார்த்தை கொஞ்சம் கம்மியா இருக்கலாம், ரெண்டையும் சேத்து எண்ணினா சரியா வந்துடும், அவ்ளோதான்.

ஆளுக்கொரு மொழி வழிக்குத்தான் பேரு ஜாஸ்தி. பிரான்ஸ்ல மொழியறிஞர் ஜூல் ரோன்ஜா, பையன் லூயிகிட்ட தான் பிரெஞ்சு, ஜெர்மன்காரி மனைவி ஜெர்மன்னு பிரிச்சு வளத்து 1913ல புத்தகமே போட்டாரு. இதுல ஒரு நியாயம் இருக்கு, யாரும் தன் மொழிய விட வேண்டாம். கொஞ்சறதும் திட்டறதும் தாய்மொழியிலதான் தானா வரும். 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில, துருக்கி தாய்மொழியா இருந்து அப்பறம் இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்களுக்கு, சின்ன வயசுல வாங்கின திட்டு மாதிரி வார்த்தைங்கள துருக்கியில கேட்டப்பதான் தோல்ல வேர்வை அளவு ஜாஸ்தி ஏறிச்சாம். எங்க வீட்டுக்காரருக்கும் கோவம் வந்தா தெலுங்குதான், அதுக்கு நாங்க சட்டம் எதுவும் போடல.

ஆனா முடிவு பண்ண வெச்சது ஒரே விஷயம், எந்த மொழிய யாரு பராமரிக்கறதுங்கறது. தெலுங்குக்கு இங்க யாரும் மெனக்கெட வேண்டாம், ஸ்கூல்ல, டியூஷன்ல, தெருவுல, டிவில, பக்கத்துத் தெரு அவ்வா வீட்ல எல்லாம் அதுதான், பொண்ணுகிட்ட நாங்க தெலுங்கே பேசலைனாலும் அது வந்துடும், வந்தும் வந்துடுச்சு. தமிழுக்கு அப்படி ஆள் கிடையாது. ஆளுக்கொரு மொழினு போனா தமிழ் மொத்தமும் என் ஒருத்தி வாயிலேர்ந்து வரணும், எனக்குக் காய்ச்சல் வந்தா தமிழுக்கும் லீவு.

பெல்ஜியத்துல டச்சு பேசற பகுதியில அன்னிக் டி ஹௌவர் கிட்டத்தட்ட 1,900 குடும்பத்தை சர்வே பண்ணி 2007ல வெளியிட்டாங்க, வீட்ல பெத்தவங்க டச்சு இல்லாத வேற மொழி பேசறவங்க, குழந்தைங்க அதைப் பேசுதாங்கறதுதான் கேள்வி. அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த மொழி மட்டும் பேசின வீட்ல நூத்துக்கு 97ல குழந்தைங்க பேசிச்சு, அதுல ஒருத்தர் மட்டும் டச்சும் கலந்து பேசினா 93, ஆளுக்கொரு மொழினா 74. ஒருத்தர் டச்சு மட்டும், இன்னொருத்தர் ரெண்டையும் கலந்துனா 36. பெல்ஜியம் வேற, நகரி வேற, ஒத்துக்கறேன், ஆனா எனக்குப் பயம் அந்த 74 இல்ல, 36தான். ஏன்னா இந்த ஊர்ல அம்மா தமிழ்ல மட்டும்ங்கறது நிக்காது. காய்காரர்கிட்ட தெலுங்கு, மாமியார்கிட்ட தெலுங்கு, எதிர் வீட்டுக்காரம்மா தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பாங்க, நாமளும் குழந்தைய இடுப்புல வெச்சுகினே அப்படியே பதில் சொல்லுவோம், ரெண்டே வருஷத்துல 74 லேர்ந்து 36க்கு எறங்கியாச்சு, நமக்கே தெரியாது.

இன்னொண்ணு, குழந்தை தெலுங்குல பதில் சொன்னா என்ன பண்றதுங்கறது. நார்வேல ரெண்டு மொழி வீடுங்கள ஆராய்ஞ்ச எலிசபெத் லான்சா இதை வரிசையா பிரிச்சிருக்காங்க, ஒரு ஓரத்துல புரியாத மாதிரி நடிக்கறது, நடுவுல குழந்தை சொன்னதையே நம்ம மொழியில திருப்பிச் சொல்றது, மறு ஓரத்துல நாமளும் அந்த மொழிக்கே தாவிடறது. புரியாத மாதிரி நடிப்பு இங்க செல்லாது, அம்மாவுக்குத் தெலுங்கு தெரியும்னு தொட்டில்ல கிடக்கறதுக்கே தெரியும். ராத்திரி தட்டு போட்டதும் "அன்னம் வத்து, தோசெ காவாலி"ம்பா, சோறு வேணாம், தோசை வேணும்னு. ஆளுக்கொரு மொழி வீட்ல அப்பா தெலுங்குலயே பதில் குடுப்பாரு, பேச்சு அந்தப் பக்கம் போயிடும், நான் இட்லிச் சட்டி கழுவிகினு இருக்க வேண்டியதுதான். எங்க வீட்ல அவரு "தோசை வேணுமா? மாவு இல்லையேடா, நாளைக்கு ஊத்தித் தரச் சொல்லலாம்"னு தமிழ்ல திருப்புவாரு, அவளும் "நாளைக்குக் கண்டிப்பா"னு தமிழ்லயே மல்லுக்கு நிப்பா. அந்த ரெண்டாவது ஆளுதான் வித்தியாசமே.

நஷ்டம் இல்லாம இல்ல, அவரோட தெலுங்கு ஜோக்கு பாதி வீட்டுக்குள்ள வர்றதில்ல, அவரு அதைச் சொல்லிக் காட்டவும் செய்வாரு. எழுதப் படிக்க எந்த வழி நல்லதுனு என்னால சொல்ல முடியாது, இப்பதான் உயிர் மெய் தாண்டியிருக்கோம். பதிமூணு பதினாலு வயசுல அவ தமிழ்ல பேசமாட்டேன்னு நின்னா என்ன ஆகும்ங்கறதும் அனுபவம் இல்ல.

அப்பாவுக்குத் தமிழே வராத வீடுனா நான் சொன்னது எதுவும் பொருந்தாது, அங்க ஆளுக்கொரு மொழிதான் ஒரே வழி. அப்படினா லீவு விட்டதும் குழந்தைய அரக்கோணம், சோளிங்கர் பக்கம் ஆயா வீட்ல கொண்டு போய் விட்டுடுங்க, அதுவும் தெலுங்கு தெரியாத சித்தி பசங்க நாலு பேர் இருக்கற வீடா பாத்து.