பூட்டு-சாவி படத்தை நிறுத்திவிட்டேன்: புரோட்டீன் டேட்டா பேங்க் தளம்

"ஏற்பி (ஹார்மோனைப் பிடிக்கும் செல் புரதம்) பூட்டு, ஹார்மோன் சாவி." பதினோரு வருடமாக இப்படித்தான் கரும்பலகையில் வரைந்து நடத்தினேன். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "சாவி உள்ளே போனதும் எது மிஸ் திரும்புது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவே இந்தத் தளத்தைத் திறந்தேன்.

1971-இல் ஏழு புரத வடிவங்களோடு தொடங்கிய சேமிப்பகம் இது. காசு வேண்டாம், பதிவும் வேண்டாம். தேடல் பெட்டியில் 1ஈஆர்ஈ (1ERE) என்ற குறியீட்டைப் போட்டேன். எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி முப்பரிமாணத்தில் வந்தது. 1997-இல் வெளியான வடிவம். பல பிரதிகள் சேர்ந்து வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள்.

அப்புறம் ஹார்மோன் மேல் சொடுக்குங்கள். அதன் ஒரு முனையை ஏற்பியின் அமினோ அமிலச் சங்கிலியில் 353-ஆவதான குளூட்டமேட்டும் 394-ஆவதான ஆர்ஜினினும் ஒரு நீர் மூலக்கூறும் பிடித்திருக்கும். மறுமுனையில் 524-ஆவது ஹிஸ்டிடின். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் வெளியே வர வழி தெரியாது, ஏற்பியின் 12-ஆவது சுருள் (ஹெலிக்ஸ்) மூடிபோல் மேலே படுத்திருக்கிறது. அது அப்படிப் படுத்தால்தான் ஏற்பியின் மேற்பரப்பில் ஒரு பள்ளம் சரியாக அமையும். மரபணுவை இயக்க உதவும் துணைப் புரதம் அங்கே வந்து ஒட்டும். எதுவும் திரும்புவதில்லை, மூடிக்கொள்கிறது! நள்ளிரவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்திலேயே 1ஈஆர்ஆர் (1ERR) வடிவத்தையும் திறந்து வையுங்கள். ஹார்மோன் இருந்த அதே குழியில் ரலாக்ஸிஃபீன் மருந்து. அதன் நீண்ட கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி மூட முடியாமல், துணைப் புரதத்துக்கான பள்ளத்திலேயே போய் விழுந்திருக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே பார்ப்பதற்காகவே இந்தத் தளத்துக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன்.

மனித உடலில் இத்தகைய உட்கரு ஏற்பிகள் (மரபணுக்களை நேரடியாக இயக்கும் ஏற்பிகள்) 48. தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, பித்த அமிலம் என்று அவை பிடிப்பவை பலவகை. ஆனால் மூடி விஷயம் பலவற்றில் இதேதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். 1ஈஆர்ஈ வடிவத்தில் ஏற்பியின் ஹார்மோனைப் பிடிக்கும் பகுதி மட்டும்தான் உண்டு, டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி இல்லை. துல்லியம் 3.1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அதனால் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது. திரையில் புள்ளிக்கோடாகத் தெரியும் பிணைப்புகள் தூரத்தையும் கோணத்தையும் வைத்துக் கணக்கிட்டவை. மூடி அசைவதையும் பார்க்க முடியாது, உறைந்த நிலைதான். வகுப்பில் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய திரையில் பாருங்கள். கைபேசியில் அந்த ஒற்றை நீர் மூலக்கூறு கண்ணில் படுவது கஷ்டம்.