எடை பார்க்க மட்டும் வாங்கலாம்

மேலே கண்ணாடி, நான்கு மூலையிலும் உலோகத் தகடு, புளூடூத், கூடவே ஓர் ஆப். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்த ஸ்மார்ட் எடை மெஷின் இது. எடையில் குறை சொல்ல முடியாது. பத்து கிலோ அரிசிப் பையை ஏற்றி வைத்தேன், 10.05 என்றது. பையின் கனத்தையும் சேர்த்தால் சரிதான்.

வினை ஆப்பில் இருக்கிறது. ஏறி நின்றால் கொழுப்பு, தசை, எலும்பு, உடல் நீர், ஒரு நாள் கலோரி என்று எண்களாகக் கொட்டி, கடைசியில் 'மெட்டபாலிக் ஏஜ்' என்று ஒன்றையும் காட்டுகிறது. அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேகம், அந்த மெட்டபாலிசம், எந்த வயதுக்காரருடையது போல இருக்கிறது என்பது. என் அக்காவுக்கு 56 வயது. இது 64 என்றது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "மெட்டபாலிசமே படுத்துடுச்சுடி" என்று ஒரே புலம்பல்.

பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவள் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மெஷின் நிஜமாக அளப்பது இரண்டைத்தான். ஒன்று எடை. இன்னொன்று, பாதம் வழியாக அனுப்பும் மிகச் சிறிய மின்சாரத்தை உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்பது. நீர் அதைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். மீதியெல்லாம் நாம் பதிந்த உயரம், வயது, பாலினத்தை வைத்துப் போடும் கணக்கு. ஆப்பில் என் வயதைப் பத்து குறைத்துப் போட்டேன். கலோரி ஏறிவிட்டது! 1919-இல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்ட கலோரி சூத்திரமும் இப்படித்தான், வயது கூடக் கூடக் கலோரியைக் கழித்துக்கொண்டே போகும்.

நிஜமாக அளந்தவர்கள் பட்ட பாடு வேறு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் 1950-களில் எலிகள் எரிக்கும் கலோரியை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை உடம்புக்குள் செலுத்துவார்கள். அந்த ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து, எவ்வளவு கலோரி எரிந்தது என்று கணக்கிடலாம். கனமான ஆக்சிஜன் விலை அதிகம், மனிதருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1982-இல்தான் சிகாகோவில் டேல் ஷோலர் அதை மனிதரிடம் செய்து காட்டினார். ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போகலாம், ஒன்றிரண்டு வாரம் அவ்வப்போது சிறுநீர் மட்டும் கொடுத்தால் போதும்.

ஷோலர் பிறகு விஸ்கான்சினுக்குப் போனார். ஆராய்ச்சி முழுக்க இந்தத் தண்ணீரோடுதான். 2021-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில் ஹெர்மன் பான்ட்ஸர், ஜான் ஸ்பீக்மன் உள்ளிட்ட பெரிய குழுவோடு அவர் பெயரும் வந்தது. 29 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது வரை, 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் எரிக்கிறது. அப்புறம் 20 வயது வரை மெல்ல இறங்குகிறது. 20 முதல் 60 வரை அசைவதே இல்லை. 60-க்கு மேல்தான் வருடத்துக்கு 0.7 சதவீதம்போலக் குறைகிறது.

அப்படியிருக்க, 56 வயதுக்காரியிடம் 64 என்று சொல்ல இந்தக் கண்ணாடித் துண்டுக்கு என்ன தைரியம்? நாற்பதில் தொப்பை விழுந்தால் மெட்டபாலிசத்தின் மேல் பழி போடுவதும் இனிமேல் எடுபடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாப்பிட்டதை எழுதி வைக்கும் பகுதியும் ஆப்பில் உண்டு. அதையும் நம்பாதீர்கள். மனிதர்கள் சாப்பிட்டதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்று காட்டிக்கொடுத்ததும் அதே தண்ணீர்தான்.

கொழுப்பு சதவீதம் வேண்டுமென்றால் காலையில், வெறும் வயிற்றில், ஈரமில்லாத காலோடு ஏறி, மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே வேண்டாம்.

எடைக்கு நான்கு நட்சத்திரம், ஆப்புக்கு ஒன்று. எடை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இதைவிட மலிவான சாதா டிஜிட்டல் மெஷினே வாங்கிக்கொள்ளலாம்.