எக்ஸோபிளானட் வளிமண்டலம் ஆன்லைன் கோர்ஸ்: எட்டு வாரம் முடிச்சுட்டு எழுதுறேன்

வேற நட்சத்திரங்களைச் சுத்துற தூரத்துக் கிரகங்களோட (எக்ஸோபிளானட்) வளிமண்டலத்தை ஆராய்றதையே வேலையா எடுத்துக்கலாமான்னு யோசிக்கிறவங்க இந்த கோர்ஸை தைரியமா எடுக்கலாம். கிளாஸ் எடுக்குறவங்க பல வருஷமா இதே துறையில இருக்குற வானியலாளர், அது முதல் நாளே தெரிஞ்சிடும், ஏன்னா அவங்க கண்டுபிடிப்பைவிட சந்தேகத்தைப் பத்திதான் நிறைய பேசினாங்க.

ஆரம்பமே எச்டி 209458 பிங்கிற கிரகம். 1999ல அது தன்னோட நட்சத்திரத்துக்குக் குறுக்கே போறதைப் பாத்தாங்க, வெளிச்சம் சுமார் 1.5 சதவீதம் குறையுது. அப்போ கிரகத்தோட ஓரத்துல இருக்குற காத்து வழியா கொஞ்சம் வெளிச்சம் புகுந்து வரும்ல, எந்த நிறம் கூடுதலா குறையுதோ அதை வச்சு என்ன வாயுன்னு சொல்லலாம். 2002ல வானியலாளர் டேவிட் ஷார்போனோ குழு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை வச்சு அங்க சோடியம் இருக்குன்னு சொன்னாங்க, அந்த நிறத்துல கூடுதலா குறைஞ்சது வெறும் 0.02 சதவீதம்தான். இந்த 0.02 மேலயே ஒரு கிளாஸ் முழுக்க நின்னாங்க, இது கிரகத்தோடதா, நட்சத்திரத்தோடதா, கருவியோட கோளாறான்னு. 2020ல இன்னொரு குழு தரையில இருந்து பாத்துட்டு, நட்சத்திரம் சுழல்றதே இந்த மாதிரி சிக்னலைக் காட்டும்னு கேள்வி எழுப்பினாங்க. துறையோட பெருமையான முதல் ரிசல்ட்டையே இப்படி மாணவர்கள் முன்னாடி பிரிச்சுப் போட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஹோம்வொர்க்தான் கோர்ஸோட உயிர். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வாஸ்ப்-39 பிங்கிற கிரகத்தோட டேட்டா எல்லாருக்கும் திறந்தே இருக்கு, அதைக் கொடுத்து நீங்களே ஸ்பெக்ட்ரம் (எந்த நிறத்துல வெளிச்சம் எவ்வளவு குறையுதுங்கிற வரைபடம்) எடுங்கன்னு விட்டுட்டாங்க. முதல்ல நான் நிறங்களை ரொம்பப் பொடிப்பொடியான துண்டா பிரிச்சுட்டேன் (இந்தத் துண்டுதான் பின்), வந்தது வெறும் இரைச்சல், நாலு ராத்திரி அதோடவே போராட்டம். அப்புறம் பின்னை அகலமாக்கி மறுபடி ஓட்டினா புள்ளி புள்ளியா மேல ஏறி 4.3 மைக்ரான் அலைநீளத்துகிட்ட ஒரு மேடு, கார்பன் டை ஆக்சைடு! 2022ல அறிவிச்ச அதே மேடு. பக்கத்துலயே 4.05கிட்ட ஒரு குட்டி மேடு, அது சல்ஃபர் டை ஆக்சைடு, நட்சத்திர வெளிச்சம் பட்டு அங்கேயே உருவாகுற வாயு. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன்.

குறைன்னா மேகம் பத்தின வாரம். ஜிஜே 1214 பிங்கிற கிரகத்தோட ஸ்பெக்ட்ரம் ஹபிள்ல மேடே இல்லாம தட்டையா வந்ததுக்கு உயரத்துல இருக்குற மேகம்தான் காரணம்னு 2014ல சொன்னாங்க, இந்த வேலையில பெரிய தலைவலியே அதுதான், ஆனா இருபது நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. பைத்தான் புரோகிராமிங் தெரியாம சேர்ந்தா மூணாவது வாரத்துலயே திணறுவீங்க, அதை முன்கூட்டியே சொல்லியிருக்கணும்.

கடைசி கிளாஸ் ப்ரோபோசல், அதாவது தொலைநோக்கி நேரம் கேட்டு அனுப்புற விண்ணப்பம், எழுதுறது பத்தி. 2024ல வெப்ல கேட்ட நேரம், இருந்த நேரத்தைப் போல சுமார் ஒன்பது மடங்கு, அதனால நல்ல ஐடியாவும் நிராகரிக்கப்படும், திருத்தி அடுத்த வருஷம் மறுபடி அனுப்பணும்னாங்க. ஒரு பக்கத்துல மாதிரி ப்ரோபோசல் எழுத வச்சு, என்னோடதுல ‘மேகம் இருந்தா என்ன பண்ணுவீங்க?’ன்னு மட்டும் குறிச்சு அனுப்பினாங்க, அதைத்தான் இப்போ திருத்திட்டு இருக்கேன்.