ஒப்பந்தத்தைப் படிக்க: ஏஐ செயலியா, சத்துவாச்சாரி வக்கீலா?

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து ஏற்றுமதி செய்யும் நண்பருக்கு ஜெர்மனியிலிருந்து நாற்பது பக்க ஒப்பந்தம் வந்தது.

முதலில் செயலியில் ஏற்றினோம். இரண்டே நிமிடத்தில் தமிழிலேயே சுருக்கம். தகராறு வந்தால் லண்டனில் நடுவர் விசாரணை, அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் முன் வழக்கு, என்ற வரியையும் சரியாகவே பிடித்தது. செலவு ஒன்றுமில்லை. ஆனால் ஆதாரமாக அது தந்த தீர்ப்பை எங்கே தேடியும் காணோம்! 2023-இல் நியூயார்க்கில் இப்படிச் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டியவர்களே வக்கீல்கள்தான்.

அப்புறம் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் போனோம். லண்டன் வரியில் பேனாவை வைத்தார். “தோலில் குறைன்னு சரக்கைத் திருப்பினா, லண்டன்ல வழக்காட உங்களால முடியுமா தம்பி? போகலைன்னாலும் அங்கே நடுவர் சொல்ற தீர்ப்பை 1996 நடுவர் சட்டப்படி இங்கேயே நிறைவேற்றலாம். சென்னைன்னு மாத்தச் சொல்லுங்க.”

ஃபீஸ் கொஞ்சம் உறுத்தியது, சரி. வாசித்துப் புரிந்துகொள்ளச் செயலி போதும். கையெழுத்துக்கு முன்னால் நான் வக்கீலிடம்தான் போவேன். அவர் மேசையிலும் அதே செயலி திறந்திருந்தது, அது வேறு கதை.